மக்டலினைத் தெரிந்த மீன்கள்

மீன் கதைக்கும் என்று நிறுவுவதற்குச் சம்பளம் வாங்கும் மனிதரை மக்டலின் சுவிஸில் லுசேர்ண் நகரத்துக்கு வந்துதான் கண்டாள். அவள் பிறந்த மன்னாரில் மீன் என்றால் குழம்பு, பொரியல், கருவாடு. அதற்குமேல் மீனோடு யாருக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. இங்கே ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில், பேராசிரியர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தொட்டியருகே மணிக்கணக்கில் குந்தியிருப்பார். மீன்கள் பல்லை நறநறவென்று கடித்து ஒன்றோடொன்று பேசுகின்றனவாம். ஆட்களின் முகத்தையும் அடையாளம் காண்கின்றனவாம். ஏழு வருடமாக அவருடைய காலைச் சுற்றி அவள் தரை துடைக்கிறாள். ஒருநாளாவது அவர் நிமிர்ந்து வணக்கம் சொன்னதில்லை. சனி, ஞாயிறில் மீனுக்குத் தீன் போடும் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கெமைன்ட என்கிற ஊராட்சி அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் பேராசிரியரின் பெயரை எழுதினாள்.

“அந்தாளுக்கு உன்ர பேராவது தெரியுமோ?” என்றான் கணவன் றேமன்ட்.

“மீனின்ர மூஞ்சியையே பிரிச்சு அறியிற மனிசனுக்கு என்னைத் தெரியாதோ?”

கெமைன்டவிலிருந்து கடிதம் வந்தது. அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்று பேராசிரியர் பதில் அனுப்பியிருந்தாராம். விண்ணப்பம் கிடப்பில் போடப்பட்டது. மக்டலினுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. “படிச்ச முட்டாள்” என்று சட்டி கழுவக் கழுவ வைதாள். றேமன்ட் நல்ல மனிதன், அவள் கழுவிய சட்டிகளைத் துடைத்து அடுக்கினான்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். மீன் ஆளை அடையாளம் காணும் அதிசயத்தைக் காட்டுவதற்காகப் பேராசிரியர் கண்ணாடியருகே போய் நின்றார். அத்தனை மீனும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. மாதாமாதம் வலையால் அள்ளி ஊசி குத்துகிறவரை எந்த மீன் வரவேற்கும்? அவர் கண்ணாடியைத் தட்டினார், அசடு வழியச் சிரித்தார், கெஞ்சாத குறையாக நின்றார். அந்த நேரம் பார்த்து மக்டலின் வாளியும் துடைப்பமுமாக உள்ளே வந்தாள். மீன்கள் அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தன.

பேராசிரியர் முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கள் இங்கே புதிதா? கமராவுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பெயர் என்ன?”

மக்டலின் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக, கமராக்காரனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“என்ர பேரைப் போன மாசம் கெமைன்டவில இருந்து உங்களிட்டைக் கேட்டவை. தெரியாதெண்டு சொல்லிப்போட்டியள்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கண்ணாடி முடியும் இடம்வரை மீன்கள் அவளோடு கூடவே போயின. அவர் நின்ற பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.