கிரேன்காரரின் சிங்க்

தையல்காரம்மா வீட்டில் பாத்திரம் கழுவுவது அவள் கணவரின் வேலை. யாரும் கொடுத்ததல்ல, சண்டை போட்டு வாங்கிக்கொண்டது. சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டிய மனிதர். பக்கவாதம் வந்து வலது கை துவண்டு போனது. உயிரோடு வீடு திரும்பினாரே, அதுவே போதும் என்று அவள் பார்த்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். மெல்ல மெல்லக் கையில் அசைவு வந்ததும் அவர் முதலில் பிடித்தது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத்தான். "டன் கணக்குல தூக்கினவன், இப்ப கரண்டி தூக்குறேன்" என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருக்கும்.

அவர் பாத்திரம் தேய்க்கும் சிங்க்தான் ஒரு நாள் அடைத்துக்கொண்டது. அழுக்குத் தண்ணீர் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

அன்றைக்கென்று பார்த்து நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணன் கைக்கு இதெல்லாம் ஆகாது அண்ணி. மிச்சம் மீதியெல்லாம் அப்படியே கொட்டுறாரு போல. இனிமே விட்டுடச் சொல்லுங்க."

தையல்காரம்மா மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம். கணவர் ஸ்பாஞ்சைப் பிழிந்து ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாத்தனார் கிளம்பிப் போன பிறகும் எழுந்து வரவில்லை. கை போனபோதுகூட அவர் முகம் இப்படித் தொங்கியதில்லை. இன்றைக்கே இதைச் சரிசெய்யாவிட்டால் மனிதர் அந்த நாற்காலியிலேயே முடங்கிவிடுவார் என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். வெந்நீர் விட்டுப் பார்த்தாள், அதுவும் தேங்கியது. ரப்பர் கிண்ணம் மாட்டிய கட்டையை வைத்து அமுக்கினாள். 'களக் களக்' என்று சத்தம் வந்ததே தவிர வேறு பலன் இல்லை. கடைசியில் சிங்குக்கு அடியில் வாளியை வைத்து, வளைந்த குழாயின் பிளாஸ்டிக் நட்டுகளைக் கழற்றினாள்.

வளைவு முழுக்க வெள்ளையாக உறைந்த கொழுப்பு, அதில் அப்பிய டீத்தூள். சோற்றுப் பருக்கை ஒன்றுகூட இல்லை.

அவளுக்குப் பொறி தட்டியது. தினமும் தையல் கடைக்குப் போகும் முன், அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று சிங்கின் சல்லடையைத் தூக்கிவிட்டு, வாணலியில் மிஞ்சிய சூடான எண்ணெய்க் கொழுப்பையும் டீத்தூளையும் ஊற்றிவிட்டுப் போகிறவள் அவள்தான்.

"ஏங்க, இது உங்களால இல்லீங்க. என்னால."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான நீ ஊத்துன? அதப் போய் என் தங்கச்சிகிட்ட போட்டுக் குடுக்கச் சொல்றியா?"

அவள் குழாயைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அதை மாட்டி, ஸ்பானரை எடுத்தாள்.

"அய்யய்யோ, அத வை!" நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "பிளாஸ்டிக் நட்டு. ஸ்பானர் போட்டா வெடிச்சிடும். கையால திருகினாப் போதும், அதுவும் மெதுவா."

"அப்ப நீங்களே திருகுங்க" என்று அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

இடது கையைத் தரையில் ஊன்றிக் குனிந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே நட்டைப் பிடித்தது. நழுவியது. மறுபடி பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இதற்கு மேல் சுற்றாது என்ற இடத்தில் நின்றது. அவள் மேலே தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. அவர் நட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"இந்தக் கைக்கு ஏத்த வேலைதான்" என்று சிரித்தார்.

பிசுக்கு அப்பியிருந்த அந்தக் கையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "இது திரும்பி வந்துச்சே, அது போதுங்க எனக்கு" என்றாள். அப்புறம் ஸ்பாஞ்சை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.