அடிக்குரல் ஒர்னெல்லா

மத்தி மீனின் தலையைத் திருகுகிறார், குடலோடு உருவி வாளியில் எறிகிறார், அப்படியே "ம்ம்ம்" என்று சுருதி பிடிக்கிறார். பக்கத்துக் கடைத் தராசுத் தட்டு அதிர்கிறது. இத்தாலியின் கடலோர ஊரான கியோஜ்ஜாவின் மீன் சந்தையில் ஒர்னெல்லா வரன்யோலோவுக்கு அப்படி ஒரு குரல். தொலைபேசியில் அழைப்பவர்கள் எல்லாரும், "ஐயா, கணவாய் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"ஐயா இல்ல, அம்மா. கணவாய் இருக்கு. எத்தனை கிலோ?"

கோபமே வராது. அந்தக் குரல்தான் அவருடைய பெருமை! தேவாலயப் பாடகர் குழுவில், தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண்களின் அடிக்குரல் வரிசையில் நிற்கும் ஒரே பெண் அவர். அருகில் நிற்கும் படகு எஞ்சின் மெக்கானிக் பெர்த்தோவுக்கு இசைத்தாள் சரியாக வாசிக்க வராது. ஒர்னெல்லா மூச்சை இழுத்தால் அவரும் இழுப்பார்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு ஒரு திருப்பாடல். 'ஆண்டவருக்கு அஞ்சும் மனிதன் பேறுபெற்றவன்' என்று இலத்தீனில் தொடங்கும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இசை. வயலின்கள் துள்ளி ஓட, குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பிடிக்கும். கேட்டால் உட்கார்ந்திருக்க முடியாது! குளிர்காலம் முழுக்க ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒர்னெல்லா அதையே முனகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு பயிற்சி மாலையில், கையசைத்துக் குழுவைப் பாடவைக்கும் புது நடத்துநர் துல்லியோ தயங்கித் தயங்கி வந்தார்.

"அக்கா, திருவிழாவுக்கு பிஷப் வர்றாரு. அன்னைக்கு மட்டும் பொம்பளைங்க பக்கம் நின்னு பாடுங்களேன்."

"அவங்க பாடுற உசரத்துக்கு எனக்கு ஏணி வேணும் தம்பி."

"பாட்டே 'மனிதன் பேறுபெற்றவன்'னு ஆம்பளையத்தானே சொல்லுது..."

"அந்தக் காலத்துல வெனிஸ் அநாதை மடத்துல அடிக்குரலையும் பொண்ணுங்கதான் பாடுனாங்க. அவங்களுக்கு மீசையா இருந்துச்சு?"

"இவ போயிட்டா நான் யாரப் பாத்துப் பாடுறது?" என்றார் பெர்த்தோ. "உன் தலைவிதி!" என்று பின்வரிசை சிரித்தது. துல்லியோவின் காது சிவந்தது. முடிவு மட்டும் மாறவில்லை. மறுநாள் ஒர்னெல்லா சத்தமே இல்லாமல் மத்தி சுத்தம் செய்தார். சந்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

திருவிழா மாலை. ஒர்னெல்லா பெண்கள் வரிசையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார், அந்த உயரத்துக்குக் குரல் எட்டவில்லை. எதிர்ப்பக்கம் அடிக்குரல் வரிசை ஒவ்வொரு இடத்திலும் பின்தங்கித் தடுமாறியது.

கடைசியாக 'தொடக்கத்தில் இருந்ததுபோல, இப்பொழுதும்' என்ற வரி வந்தது. இசையமைத்த மனிதர் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்: பாட்டின் முதல் மெட்டே அங்கே திரும்பி வருகிறது! ஒர்னெல்லாவும் அப்படியே எடுத்துக்கொண்டார். இசைத்தாளை மடித்தார். பிஷப் பார்த்துக்கொண்டிருக்க, வயலின்காரர்களைச் சுற்றிக்கொண்டு, முழு அடிக்குரலில் பாடியபடியே தன் பழைய இடத்துக்கு நடந்தார். பெர்த்தோவின் குரல் சட்டென்று நேரானது.

துல்லியோவின் வலது கை தாளம் தப்பவில்லை. இடது கை, உள்ளங்கை மேலே பார்க்க, அந்த வரிசையை நோக்கி நீண்டது. இன்னும், இன்னும் என்று அள்ளி அள்ளி உயர்ந்தது.