பதிவாகாத வியாழக்கிழமைகள்

லோகாம்பாளின் தாலிச்சங்கிலியை அறுத்தது ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில். ஏரிக்கரைப் பசியாவரத்துக்காரி அவள். காட்டூர்த் தெருக்களில் இறாலும் நண்டும் விற்று முடித்து, காலிக் கூடையோடு ரோட்டோரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வேலிகாத்தான் புதர். பின்னால் வந்த பைக் வேகம் குறைந்ததும், வழி கேட்கத்தான் என்று திரும்பினாள். பின்சீட்டில் இருந்தவன் அவள் கழுத்தில் கை வைத்தான்.

அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்தடி தூரம் தார் ரோட்டில் இழுபட்டாள். கடைசியில் சங்கிலி அவனோடு போனது. தாலிப்பொட்டு மட்டும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

முழங்கையில் ரத்தம் வழிய அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

“கால்வாய்ப் பாலத்துக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?” என்று கேட்டார் ரைட்டர்.

“அந்தாண்ட சார்.”

“அது எங்க லிமிட் இல்லம்மா.”

அடுத்த ஸ்டேஷனில், பாலத்தைத் தாண்டியும் அரை மைல் அந்த முதல் ஸ்டேஷன் லிமிட்தான் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரு வரி எழுதவில்லை.

ஏரியில் வலை வீசுகிற அவள் புருஷன் எல்லப்பன், தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டான். “போனது போச்சு. இனிமே மூணு மணிக்கெல்லாம் வந்துடு,” என்றான். ஊரும் அதையேதான் சொன்னது. தனியாகப் போகாதே, நகை போடாதே, சீக்கிரம் திரும்பு.

“மூணு மணிக்கு யாரு மீன் வாங்குவா? வேலைக்குப் போனவங்க வூட்டுக்கு வர்றதே நாலு மணிக்கு. அறுத்தவன் பைக்ல சுத்துவான், நான் வூட்ல குந்திகினு இருக்கணுமா?”

அடுத்த வியாழக்கிழமையும் போனாள், முழங்கையில் கட்டோடு. அந்தக் கட்டைப் பார்த்துத்தான் ரோட்டில் மார்கரெட் நின்று விசாரித்தாள். காட்டூர்ப் பெண், பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள்.

“எனக்கும் இதே எடத்துலதான்க்கா. மார்ச் மாசம். சிலுவை டாலரோட போச்சு.”

“கம்ப்ளெய்ண்ட் குடுத்தியா?”

“வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கற நானே குடுக்கல. பேரு கெட்டுடும்னு வீட்ல சொல்லிட்டாங்க.”

அன்றிலிருந்து லோகாம்பாள் மீன் விற்கிற வாசலிலெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். யாருக்குப் போனது, எங்கே, எத்தனை மணிக்கு. அவள் சொல்லச் சொல்ல மார்கரெட் எழுதினாள். ஒரே வருஷத்தில் ஒன்பது பெண்கள். எல்லாமே செங்கல் சூளைக்கும் பாலத்துக்கும் நடுவில். ஏழு சம்பவம் வியாழக்கிழமை.

“அது இன்னாக்கா வியாழக்கிழமை?” என்றாள் மார்கரெட்.

லோகாம்பாளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “அன்னிக்கு ஷேர் ஆட்டோவெல்லாம் சந்தைக்குப் போயிடுது. பொம்பளைங்க நடந்து வர்றது அன்னிக்குத்தான். திருட்டுப் பசங்களுக்கு இது தெரியுது, ஸ்டேஷனுக்குத் தெரியல.”

ஆகஸ்டில் பள்ளிக்கூட மைதானத்தில் போலீஸ் ஒரு பொதுமக்கள் கூட்டம் போட்டது. டிஎஸ்பி மைக்கில் பேசினார். “இந்தப் பகுதியில ஒரு வருஷமா செயின் பறிப்பு ஒண்ணுகூட பதிவாகல. நீங்க பயமில்லாம இருக்கலாம்.”

லோகாம்பாள் எழுந்தாள். “பதிவாகல சார். நடந்துச்சு.”

அவளுக்குப் பின்னால் மார்கரெட் எழுந்தாள், அப்புறம் ஒவ்வொருத்தியாக மற்ற ஏழு பேரும்.

“எந்த லிமிட்டும்மா?” என்றார் டிஎஸ்பி.

“அறுத்தது என் கழுத்துல சார். என் கழுத்து எந்த லிமிட்டு?”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மார்கரெட் தாளை நீட்டினாள். “எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கி எழுதணும்னு சட்டத்துலயே இருக்குது சார். நாள், நேரம், இடம் எல்லாம் இதுல இருக்கு.”

டிஎஸ்பி தாளை இரண்டு முறை படித்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டார். எஃப்ஐஆர் நகல் கைக்கு வராமல் போவதில்லை என்று ஒன்பது பேரும் மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போன பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நகல் வாங்கும்போது பசியில் லோகாம்பாளுக்குக் கண் இருட்டியது.

அதற்கு மூன்றாவது வியாழக்கிழமை, சூளை ஓரம் லுங்கி கட்டிக்கொண்டு நின்ற போலீஸ்காரர்கள் ஒருத்தனைப் பிடித்தார்கள். பைக் ஓட்டினவன் புதருக்குள் புகுந்து தப்பிவிட்டான். அவள் சங்கிலி கிடைக்கவில்லை, உருக்கிவிட்டார்களாம்.

பேப்பரில், அந்தப் பக்கம் செயின் பறிப்பு திடீரென்று அதிகமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. ஐஸ் கடை துளசிங்கம் பேப்பரோடு வந்து அவளை மறித்தார்.

“நல்லா இருந்த ஊரு பேரை நாறடிச்சிட்டியே லோகா.”

“நல்லா இல்லண்ணா. எழுதாம இருந்தாங்க, அவ்ளோதான். இன்னும் ஒருத்தன் வெளிய சுத்தறான். உன் பொண்ணு அந்த ரோட்லதான காலேஜ் போவுது?”

துளசிங்கம் பேப்பரை மடித்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, போன வருஷம் அங்கேதான் மகளின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்றார். யாரிடமும் சொல்லவில்லையாம்.

“நாளைக்குக் காலைல அனுப்பிவை,” என்றாள் லோகாம்பாள். “ஸ்டேஷனுக்கு நானே கூட்டிகினு போறேன்.”