லிஃப்டில் நர்ஸுக்கு இடமில்லை

மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சையில் இருந்த என் வாப்பாவை, மூன்றாம் நாள் ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊழியர் ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளியதும், குடும்பமாகப் போயிருந்த நாங்கள் ஆறு பேரும் பின்னாலேயே ஏறிக்கொண்டோம். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளிவந்த நர்ஸுக்கு இடமில்லாமல் போய்விட்டது. கதவு மூடத் தொடங்க, குழாய் இழுபட்டு வாப்பாவின் மாஸ்க் கழன்றது. அவருக்கு மூச்சு இரைத்தது.

நர்ஸ் சட்டென்று காலை நீட்டிக் கதவைத் தடுத்தார். "எல்லாரும் எறங்குங்க! சிலிண்டர் உள்ள வரணும்!"

அலறியடித்து இறங்கினோம். அவர் ஏறி மாஸ்க்கைப் பொருத்தியதும் வாப்பா, பஸ்ஸில் ஊருக்குக் கிளம்புகிறவரைப் போல எங்களுக்குக் கையாட்டினார். படியில் இறங்கி ஓடிய எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பத்து நாளில் வீடு திரும்பினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அட்டாக்கக்கூட தாங்கிட்டேன், இவங்க பாசத்தத்தான் தாங்க முடியல!" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

இப்போது எந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தாலும் முதலில் விலகி நிற்கிறேன். கூட இருப்பவர்களிடமும், "நர்ஸ் ஏறட்டும், நாம படியில போவோம்" என்கிறேன்.

– ஷமீமா, பெருங்களத்தூர்