வெட்கம் போக ஒரு மாத்திரை

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம். பேப்பரில் வந்த ஒரு கைது செய்தியை ஒருவர் சத்தமாகப் படித்தார். ஆண்களை விரும்பும் ஆண்கள்... பார்ட்டி... போதை மாத்திரை. "செல்போன் வந்த பிறகுதான் மேடம், எல்லாம் கெட்டுப்போச்சு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செல்போனா? தெருவுக்கு ஒரு போன்கூட இல்லாத திருத்தணியிலேயே நான் இதைப் பார்த்திருக்கிறேனே!

எழுபதுகளின் கடைசி. நான் அங்கே டீச்சர். பக்கத்து போர்ஷனில் தயாளன் — விசைத்தறி ஓட்டுபவன், முப்பதை நெருங்கும் வயது, அதிர்ந்து பேசத் தெரியாதவன். ஞாயிறுதோறும் ஆந்திரப் பக்கம் இருக்கும் நகரியிலிருந்து அவனைப் பார்க்கக் கோவிந்து வருவான். நூல் வியாபாரி. ஒருவரை ஒருவர் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மாமன் மச்சான் உறவு என்று தெரு நினைத்தது. நான் வேறு மாதிரி நினைத்தேன்... வெளியே சொல்லவில்லை. அவர்கள் சிரிப்பு சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம், நன்றாக இருக்கட்டும் என்றுதான் தோன்றும்.

நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. எல்லை தாண்டினால் ஆந்திரா. பாதி ஊர் தாண்டும். கோவிந்து வந்தால் கூடவே பாட்டிலும் வரும்.

ஒரு ஞாயிறு மதியம் கோவிந்து என் கதவைத் தட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சரம்மா, பாவாவ எழுப்பினா எழுந்துக்க மாட்டேன்றாருங்க. மூச்சு ஒரு மாதிரி வருதுங்க..."

குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார் டாக்டர்.

"சாராயங்க."

"அவ்வளவுதானா?"

கோவிந்து தரையைப் பார்த்தான். சொன்னால் போலீஸ் வருமோ, ஊர் சிரிக்குமோ... சொல்லாவிட்டால்? உள்ளே கிடப்பவன் பிழைக்க வேண்டாமா?

"யோவ், ஊர் அப்புறம் சிரிக்கட்டும். முதல்ல சொல்லுய்யா!" என்று கத்தினேன்.

"தூக்க மாத்திரையும் போட்டாருங்க. எப்பவும் ரெண்டு பேரும் போடுவோம்... ஒண்ணா இருக்கும்போது பயம், வெக்கம் போறதுக்கு."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். "சாராயத்தோட மாத்திரையா? ரெண்டும் சேர்ந்தா மூச்சையே நிறுத்திடும்யா" என்றபடி உள்ளே ஓடினார்.

தயாளன் பிழைத்துக்கொண்டான். நான் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பாலும் ரொட்டியும் கொண்டுபோனேன். வார்டு வாசலில் அவன் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

"நான் நெனவில்லாம கெடந்தனே... அப்போ நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே பாவா?"

கோவிந்து மெதுவாக, "தொட்டப்போ நீ வேணாம்னு சொல்லலியே பாவா..." என்றான்.

"எப்படிச் சொல்றது? குறுக்கு நூலு அறுந்தா தறிகூட தன்னால நின்னுடுது. அதுக்கிட்ட யாரு போயி வேணாம்னு சொல்றாங்க? நீ மனுசன்தானே... நிக்க வேணாமா?"

கோவிந்து தேம்பினான்.

"இப்போ போ பாவா. நான் சொல்லி அனுப்பற வரிக்கும் வராதே."

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. மலைப் பக்கம் பார்த்துக் கும்பிடும்போது இருவருக்காகவும் சேர்த்தே கும்பிட்டேன். முருகனுக்குத் தெரியாதா என்ன, அவனே காதலித்துக் கட்டியவன்தானே!

ஒருநாள் தயாளன் சொல்லி அனுப்பினான். கோவிந்து வந்தான் — வெறுங்கையோடு. முன்பெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போகிறவன், அன்று செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றான்.

"உள்ள வரலாமா பாவா?"

தயாளன் யோசித்தான். "இன்னிக்கு இங்கியே குந்திக்கினு பேசலாம் பாவா."

"ஆங், சரி."

படியில் உட்கார்ந்தார்கள். முதலில் நூல் விலை பேசினார்கள். மாத்திரை இல்லை, பாட்டில் இல்லை... வெட்கம் மட்டும் நிறைய இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் பழைய சிரிப்பு கேட்டது. கதவு திறக்க இன்னும் இரண்டு மூன்று ஞாயிறுகள் ஆயின. ஒவ்வொரு முறையும் கோவிந்து கேட்டான்.

மேளம் கொட்டிக் கல்யாணம் செய்துகொண்ட எத்தனை பேர் இப்படிக் கேட்கிறார்கள்? — என் வீட்டுக்காரரும் இந்தப் பத்தியைப் படிப்பார், எனவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.