குத்து விழுந்த செங்கவருக்கை

பெமிலாவுக்கு வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசுவது புதிதல்ல. அண்டி ஆபீஸ் மூடப்படும்வரை அங்கே முந்திரி உடைத்த பெண்களைச் சங்கத்தில் சேர்த்தவள் அவள்தான். அதனால்தான் அருமனைக்குக் கிழக்கே பனிச்சவிளையில் பழ ஈயை ஒழிக்கும் சோதனைத் திட்டம் வந்தபோது, அலுவலர்கள் முதலில் அவளைத் தேடி வந்தார்கள்.

ஈயை ஒழிக்க ஈயையே விடுவது என்றதும் ஊர் சிரித்தது. பெமிலா சளைக்கவில்லை. இது கதிர்வீச்சுக் காட்டி மலடாக்கிய ஈ. இதோடு சேர்கிற காட்டு ஈ முட்டையிட்டாலும் புழு பொரிக்காது. சில தலைமுறையில் ஈயின் வம்சமே குறைந்துபோகும் என்று விளக்கினாள். ஊர் முழுக்க ஒன்றாக நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒருவர் மருந்து அடித்தாலும் விட்ட ஈ செத்துவிடும். ஒருவர் விளையில், மரத்தோப்பில், அழுகல் பழம் கிடந்தாலும் அதிலிருந்து புது ஈ கிளம்பும்.

கடைசிவரை பிடிகொடுக்காதவர் அவளுடைய சொந்த அண்ணன் ரசலையன். ஊரிலேயே பெரிய மாவிளை அவருடையது, எல்லாம் செங்கவருக்கை மாமரங்கள். விடுகிற ஈ பழத்தைக் கெடுக்காதா என்று அவர் கேட்டார். திட்ட அலுவலர் மகேஷ்குமார் சொல்லிக்கொடுத்ததை அவளும் சொன்னாள்: விடுவது ஆண் ஈ, அதற்குப் பழத்தைக் குத்தவே தெரியாது. தங்கையின் வார்த்தைக்காக அவர் தலையாட்டினார்.

வாரந்தோறும் பெமிலா ஸ்கூட்டரில் காகிதப் பைகளைக் கொண்டுபோய் மரத்தடியில் பிரித்துவிட்டாள். அடையாளத்துக்காக வெளிறிய சிவப்புச் சாயம் பூசிய ஈக்கள் இலைகளுக்குள் ஏறிப் போவதைப் பார்க்கையில் அவளுக்கு ஒரு சந்தோஷம். ஊரும் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வெயிலில் வைத்தது. தங்கப்பனின் கொய்யாவில் அந்த ஆண்டு முதல்முறையாகப் புழு இல்லை. அவர் ஒரு கூடைப் பழத்தை அவள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

மாம்பழம் முற்றுகிற நேரத்தில் ரசலையன் ஆள் அனுப்பி அவளை அழைத்தார். பாறசாலையிலிருந்து வந்த வியாபாரி பழத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டானாம். தோலெங்கும் ஊசி குத்தியதுபோலப் புள்ளிகள். புள்ளியைச் சுற்றிக் கறுப்பு. அவள் கண்முன்னே அவர் ஒரு பழத்தை அறுத்துக் காட்டினார். உள்ளே புழு இல்லை.

“ஆண் ஈ மட்டுந்தான்னு நீ சொன்னியா இல்லியா?”

“சொன்னேன் அண்ணே.”

“அப்ப இது யாரு குத்துனது?”

மறுநாள் மகேஷ்குமார் வந்து பழத்தைப் பார்த்தார். பிறகு அவளைத் தனியே அழைத்து, ஈ வளர்க்கும் கூடத்தில் ஆணையும் பெண்ணையும் முழுசாகப் பிரிக்க இன்னும் முடியவில்லை என்றார். மலட்டுப் பெண் ஈயும் பையில் இருக்கிறது. அதன் முட்டை பொரிக்காது, ஆனாலும் குத்தும்.

“முன்னாடியே சொன்னா எல்லாரும் பயந்துடுவாங்கன்னு நெனச்சோம்மா.”

“பயந்திருப்பாவ சார். பயந்தவியள்ட்ட நான் பேசியிருப்பேன். இப்ப நான் என்னத்தப் பேச?”

அன்று சாயங்காலமே அண்ணனிடம் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. விடிந்ததும் ரசலையன் விளை முழுக்க மருந்து அடித்தார். இனி ஈப் பையோடு உள்ளே வரக்கூடாது என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார்.

அதன்பின் நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. மருந்தில் செத்தது விட்ட ஈ. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்த காட்டு ஈக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வெளியே வந்தபோது சேர்வதற்கு அங்கே மலட்டு ஈ மிச்சமில்லை; பெருகி ஊர் முழுக்கப் பரவியது. ஈக்களை எண்ணிப் பார்க்கப் பெமிலா வைத்த பொறிகளில் சாயம் பூசிய ஈ குறைந்து, சாயமில்லாதது கூடிக்கொண்டே வந்தது. கொய்யாவின் அடுத்த காய்ப்பில் தங்கப்பன் பழத்தைப் பிளந்தால் புழு நெளிந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஊரைக் கெடுத்தார்கள் என்று கடைவீதியில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பெண்கள் அவள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள்.

பெமிலா மகேஷ்குமாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: ஊர்முன் வந்து நீங்களே சொல்ல வேண்டும். அவர் வந்தார். பால் சொசைட்டி முற்றத்தில் நின்று, மறைத்தது தங்கள் தவறு, அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்றார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். தங்கப்பன் பாதியில் எழுந்து போய்விட்டார். அந்தப் பருவத்தோடு திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி அவளிடம் வந்தார்கள். இப்போது கூட்டுப்புழுவின் நிறத்தை வைத்தே ஆணைப் பிரித்துவிடலாமாம். பெமிலா கூடத்துக்குப் போய், பூதக்கண்ணாடியில் தன் கண்ணால் ஈக்களைப் பார்த்தாள். வால்பக்கம் ஊசியில்லாத ஈக்கள். அதன்பிறகுதான் பனிச்சவிளையில் மறுபடி வீடேறினாள். பாதிப் பேர் கதவைத் திறந்தார்கள்.

அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில் விளையைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள். மாமரங்கள் எல்லாம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. குழி எடுத்து ரப்பர் கன்று நட்டிருந்தார்கள். ரசலையன் மண்வெட்டியை வைத்துவிட்டு அவளருகே வந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளிடம் பேசினார்.

“எனக்க விளையில இனி நீ பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல மக்கா. மத்தவியள்ட்ட போய்ச் சொல்லு.”

சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார். அவள் உள்ளே போனாள், பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள்.