மச்சினன் தோட்டத்து ரீப்பர்

ஞாயிறு காலைகளில் போடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பேர் கூடுவோம். உலகத்திலேயே காரமான மிளகாய் எது என்பதுதான் பேச்சு. மருந்துக்கடைக்காரர் கரோலினா ரீப்பர் என்பார். பெப்பர் எக்ஸ் அதை எப்போதோ முந்திவிட்டது என்பார் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பாய்.

"வெதையவே வெளிய விடாத மெளகாய நம்மள்ல யாரு பாய் தின்னு பாத்தது?" என்பேன். பேச்சு அடங்கும். ரீப்பர் விதை வரவழைத்துத் தொட்டியில் வளர்த்தவன் நான் மட்டும்தான். அதனால் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையது.

ஆனால் என் ரீப்பர் செடிகள் வெயில் தாங்காமல் பூவையெல்லாம் உதிர்த்தன. நோஞ்சானாக நின்ற சில நாற்றுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல், குரங்கணியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் மச்சினனிடம் கொடுத்தேன். என் மனைவியின் தம்பி. மிளகாயைக் குழம்பில் மட்டுமே பார்த்தவன்.

மழை முடிந்ததும் அவன் ஒரு போட்டோ அனுப்பினான். இலை தெரியாமல் பழம். சிவந்து, சுருக்கம் விழுந்து, நுனியில் தேள் கொடுக்கு மாதிரி வால். நான் அழிப்பதற்குள் என் மனைவி, என் போனிலிருந்தே, அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு மாடிக்கு யாரும் வரவில்லை. பாய் போன் செய்தார். "ஜீப்பு சொல்லியாச்சு, வெரசா வாங்க. ஒங்க மச்சினன் தோட்டத்துக்குத்தேன் போறோம்."

தோட்டத்தில் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன உரம் என்று கேட்டார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுவா வந்துச்சு."

நிழல்வலை கட்டி, மண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான். வயிறு எரிந்தது.

"இது அசல் கெடையாது. பக்கத்துல காந்தாரி மெளகாச் செடி நிக்கிது, கலந்திருக்கும்" என்றேன்.

"கலந்தா அடுத்த வெதையிலதேன் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஒரு பழத்தைப் பறித்து முழுதாக வாயில் போட்டு மென்றேன். முதலில் இனித்தது. "பாத்தீங்களா?" என்று வாயைத் திறந்தேன், அதற்குமேல் பேச முடியவில்லை. காது அடைத்தது, விக்கல் பிடித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மச்சினன் தயிர்ச் சட்டியோடு ஓடி வந்தான். "மச்சான், மூச்ச விடுங்க மச்சான்" என்று என் தலையைத் தாங்கிப் புகட்டினான்.

"அசல்தேன்யா!" என்று மருந்துக்கடைக்காரர் அவன் முதுகில் தட்டியது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரமும் கூட்டம் அங்கேதான். போகக் கூடாது என்றிருந்தவன் போனேன். முழுப் பழம் தின்றவன் என்று இப்போது என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் பேசியபடியே மச்சினன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் கொஞ்சம் எரியட்டும் என்று இருந்தது. அவனோ புதிதாக வந்த ஒருவரிடம், "எங்க மச்சான் முழுசா தின்னாருண்ணே! வேற யாராலயும் முடியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.